மாடி அறை ஆர்கன்

அத்தியாயம் 11

சின்னாத்தாளை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கூட்டி வந்தது நேற்று முன்தினம். இனி இங்கே வைத்திருந்து பிரயோஜனம் இல்லை, வீட்டில் நிம்மதியாக இருக்கட்டும் என்று டாக்டர் சொன்னதன் பொருள் எல்லோருக்கும் தெரியும். அவளுக்கும் தெரியும். வண்டியிலிருந்து இறக்கும்போதே, "கீழ் ரூம்பு போதும். ஜன்னலோரமா கட்டிலெப் போடுங்க" என்று தானே சொல்லிவிட்டாள்.

அன்றிலிருந்து வீரபாண்டியிலிருந்த அந்த வீட்டில் யாரும் சத்தமாகப் பேசுவதில்லை. பின்பாதியில் இருந்த தையல் யூனிட்டில் மட்டும் மெஷின்கள் வழக்கம்போல ஓடின. நிறுத்தச் சொல்லட்டுமா என்று தம்பி மனைவி ஜெயபாரதி கேட்டதற்கு, சின்னாத்தாள்தான் வேண்டாம் என்றாள்.

"ஓடட்டும் பாரதி. சத்தமில்லாமக் கெடந்தா எனக்கு என்னமோ மாதிரி இருக்குது."

அந்த யூனிட்டை முன்பு நடத்தியவர் ஜெயபாரதியின் கணவர் சிவபிரகாஷ். ஆடியில் ஒருநாள் பீஸ் செக்கிங் செய்துகொண்டிருந்தவர் அப்படியே மேஜைமேல் சாய்ந்தார். மூளையில் ரத்தக்குழாய் அடைத்ததில் வலது கை விழுந்துபோனது. வலது காலை இழுத்து இழுத்து நடக்கப் பழகிவிட்டார். பேச்சு மட்டும் திரும்பவில்லை. இப்போது தை.

சரக்கு வாங்கும் பையர்களிடம் மணிக்கணக்கில் பேசிய வாயில் ஒரே ஒரு சொல்தான் மிஞ்சியிருந்தது. நூலு. தண்ணீர் வேண்டுமென்றாலும் நூலு. ஜன்னலைச் சாத்து என்றாலும் நூலு. அடுத்தவர் பேசுவது அவருக்கு நன்றாகப் புரிந்தது. சொல்ல வேண்டியதும் உள்ளே இருந்தது. வாயைத் திறந்தால் அந்த ஒரு சொல்தான் வந்தது.

தினமும் காலையில் அவர் விரல்களை ஒவ்வொன்றாக நீவி, ரப்பர் பந்தைக் கையில் கொடுத்து அமுக்க வைத்தவள் அக்கா சின்னாத்தாள். அவரைவிடப் பதிமூன்று வயது மூத்தவள். தாயில்லாத இரண்டு தம்பிகளையும் வளர்த்து ஆளாக்கியவள். மங்கலத்தில் வாழ்க்கைப்பட்டு, கணவர் போனபின் பெரிய தம்பி வீட்டோடு வந்துவிட்டாள். அந்தத் தம்பி விழுந்தபோது தாங்கிப் பிடித்தவள் இப்போது படுத்துவிட்டாள்.

இன்று காலை மதுமதி அத்தைக்குக் கஞ்சி புகட்டிக்கொண்டிருந்தாள். சிவபிரகாஷின் ஒரே மகள். எக்ஸ்போர்ட் கம்பெனி ஒன்றில் மெர்ச்சண்டைசர். இந்த வாரம் லீவு போட்டிருந்தாள்.

நாலு ஸ்பூனுக்கு மேல் இறங்கவில்லை. சின்னாத்தாள் கையால் போதும் என்று காட்டினாள். சற்று மூச்சு வாங்கிக்கொண்டு, "உங்கப்பன் அந்த மாடி ரூம்புப் பொட்டியெ வாசிச்சு எத்தன நாளாச்சு கண்ணு" என்றாள்.

"ஒடம்புக்கு முடியாமப் போனதுல இருந்து அந்தப் பக்கமே போகலீங்க அத்தை. நேத்து போன்ல போட்டுக் காட்டுனேனே, அதையே மறுக்கா போடட்டுங்களா?"

"அது பழசு கண்ணு. அப்ப வாசிச்சது. இப்ப அவன் எப்புடி இருக்கறான்னு நான் எதெ வெச்சுத் தெரிஞ்சுக்கறது? வாயெத் தொறந்து சொல்லவும் மாட்டேங்கறான்." கண்ணை மூடிக்கொண்டாள். "நான் பாடுன அந்தத் தாலாட்டெ ஒருக்கா வாசிச்சான்னாத் தேவல."

கட்டிலுக்கு எதிரே நாற்காலியில் சிவபிரகாஷ் உட்கார்ந்திருந்தார். அவர் எழுந்ததை மதுமதி முதலில் கவனிக்கவில்லை. மாடிப்படியின் கம்பிப் பிடியில் மோதிரம் உரசும் சத்தம் கேட்டுத்தான் திரும்பினாள்.

அப்பா படியேறிக்கொண்டிருந்தார்.

*

கிறிஸ்தவ விடுதிப் பள்ளியில் படித்த காலத்தில் அங்கிருந்த பிரார்த்தனைக் கூடத்தில்தான் சிவபிரகாஷ் ஆர்கன் வாசிக்கக் கற்றுக்கொண்டார். முருகனைத் தவிர வேறு சாமி தெரியாத குடும்பத்தில், ஒரு பையன் ஞாயிற்றுக்கிழமைகளில் கோயிலுக்குப் போகாமல் ஆர்கன் பெஞ்சில் உட்கார்ந்திருந்ததை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பின்னாளில் வியாபார விஷயமாக வெளிநாடு போனபோதெல்லாம், வேலை முடிந்ததும் ஏதாவது ஒரு தேவாலயத்துக்குள் நுழைந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்து கேட்டுவிட்டு வருவார்.

பிறகு தானே ஒன்றை அமைத்துக்கொண்டார். நிஜ ஆர்கனுக்கு ஆயிரக்கணக்கில் குழல்கள் வேண்டும், கூரை உயரம் வேண்டும். மாடி அறையில் இருந்தது அதன் சாயல். மூன்றடுக்கு கீபோர்டு, காலால் வாசிக்க மரப் பெடல்கள், பக்கத்தில் ஒரு கம்ப்யூட்டர். எங்கோ ஓர் ஐரோப்பிய ஊரின் தேவாலயத்தில் உள்ள ஆர்கனின் ஒவ்வொரு குழலோசையையும் தனித்தனியாகப் பதிவு செய்து, ஒரு சாஃப்ட்வேராக விற்கிறார்கள். இங்கே கட்டையை அழுத்தினால் அந்தத் தேவாலயத்துக் குழல் ஊதும். அதில் அவர் முருகன் பாட்டு வாசிப்பார். பள்ளியில் கற்ற கீர்த்தனைகள் வாசிப்பார். அக்கா பாடிய தாலாட்டை வாசிப்பார்.

மதுமதி மேலே போனபோது அவர் இடது கையால் ஆர்கனை மூடியிருந்த துணியை உருவி எறிந்துவிட்டு ஸ்விட்சைப் போட்டிருந்தார். கம்ப்யூட்டர் முனகி, யோசித்து, கடைசியில் விழித்துக்கொண்டது.

இடது கையைக் கட்டைகள்மேல் வைத்தார். வலது கை மடியில் கிடந்தது. இடது காலைப் பெடலில் வைத்து அழுத்தினார்.

அறை அதிர்ந்தது. அடி வயிற்றிலிருந்து வருவது போன்ற கனத்த ஓசை. பெடல்களின் வேலையே அதுதான், பாட்டுக்கு அடியில் தாங்கிப் பிடிப்பது. அவர் கால் ஒவ்வொரு பெடலாக நகர்ந்தது. மதுமதிக்குப் புரிந்தது. அப்பா தாலாட்டின் மெட்டைக் காலில் வாசிக்கப் பார்க்கிறார். ஆனால் கேட்டது தாலாட்டாக இல்லை. லாரி உறுமுவது போல இருந்தது.

நிறுத்தினார். பெஞ்சில் கையால் ஓங்கி அடித்தார்.

"நூலு."

மேலடுக்குக் கட்டைகளைக் காட்டினார். தன் காலைக் காட்டினார். மறுபடி மேலடுக்கு. மறுபடி கால்.

"அந்த மேல் சத்தம் காலுக்கு வரோணுங்களாப்பா?"

"நூலு." இந்தமுறை குரல் இறங்கியிருந்தது. ஆமாம் என்றுதான் அவள் எடுத்துக்கொண்டாள்.

அவள் கீழேயிருந்து தன் சின்ன கீபோர்டைக் கொண்டுவந்து அவர் இடது கைக்கு வாகாக வைத்துப் பார்த்தாள். மெட்டை இந்தக் கையில் வாசித்துவிடலாமே என்று. அவர் அதைத் தள்ளிவிட்டார். காலையே காட்டினார்.

சாஃப்ட்வேரில் அதற்கு வழி இருக்கிறதா என்று அவள் தேடிப் பார்த்தாள். இதில் இல்லை. எந்தக் குழலை எந்தக் கட்டைக்கும், கைக்கோ காலுக்கோ மாற்றிக்கொள்ளும் வசதி புதிய பதிப்பில்தான் வந்திருந்தது. ஸ்கிரீனின் ஓரத்தில் அந்தப் புதிய பதிப்பே இருந்தது. அப்பா விழுவதற்கு முன்பே வாங்கி இறக்கி வைத்திருக்கிறார். ஏற்றவில்லை.

ஏன் ஏற்றவில்லை என்று அவளால் ஊகிக்க முடிந்தது. கம்ப்யூட்டருக்கு வயதாகிவிட்டது. இதில் அது ஓடுமா, ஓடாதா என்பது அப்பாவுக்குத் தெரிந்திருக்கும். அவர் யோசித்து வைத்திருப்பார். எதை எங்கே குறைக்க வேண்டும் என்பதுவரை கணக்குப் போட்டு வைத்திருப்பார். அவ்வளவும் அவர் தலைக்குள் இருந்தது. கேட்டால் வரப்போவது ஒரே சொல்.

அவள் கம்ப்யூட்டரின் விவரங்களை எல்லாம் எழுதி, சாஃப்ட்வேர் நிறுவனத்துக்கு ஒரு மெயில் அனுப்பினாள். பையர்களுக்கு எழுதி எழுதிப் பழகிய கை. கடைசி வரியில் மட்டும் கொஞ்சம் தயங்கி, இது இன்றைக்கே தேவைப்படுகிறது, வீட்டில் ஒருவருக்கு நேரம் அதிகமில்லை என்று சேர்த்தாள்.

*

மத்தியானம் வேல்குமார் வந்தார். சிவபிரகாஷின் தம்பி. மங்கலம் ரோட்டில் துணி வெட்டும் கட்டிங் யூனிட் வைத்திருப்பவர். நேரே அக்காவிடம் போய், அவள் தூங்குவதைப் பார்த்துவிட்டு மாடிக்கு வந்தார். கம்ப்யூட்டரின் பக்கவாட்டு மூடி கழற்றப்பட்டுத் தரையில் கிடந்தது. அண்ணன் பெஞ்சிலும் மகள் தரையிலும் உட்கார்ந்திருந்தார்கள்.

"என்ன கண்ணு இது? கீழ அக்கா அப்புடிக் கெடக்குது. ஒறம்பரையெல்லாம் வந்து பாத்துட்டுப் போற நேரம். நீங்க ரெண்டு பேரும் பொட்டியெப் பிரிச்சு வெச்சுட்டு உக்காந்திருக்கறீங்க."

"அத்தைதானுங்க கேட்டாங்க சித்தப்பா. அப்பா வாசிச்சு ஒருக்கா கேக்கோணும்னு."

"கேட்டா, இருக்கறதுல வாசிக்கட்டுமே."

"அப்பா காலுல வாசிக்கோணுங்கறாங்க. அதுக்குப் புது சாஃப்ட்வேர் வேணுமுங்க."

"காலுலயா? எதுக்கு?"

"தெரீலீங்க."

வேல்குமார் அண்ணனைப் பார்த்தார். சிவபிரகாஷ் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"அப்ப புதுக் கம்ப்யூட்டரே ஒண்ணு எடுத்துரலாம். இப்பவே போயி வாங்கியாந்தர்றேன். இதக் கட்டிட்டு எதுக்கு அழுவறீங்க?"

"அப்பாவோட சவுண்ட் கார்டு இந்தப் பொட்டிலதானுங்க உக்காரும். புதுசு எடுத்து, அதுக்குத் தோதா எல்லாத்தையும் மாத்தி, அந்த ஆர்கனெ முழுசா மறுக்கா ஏத்தோணும். ஒரு வாரம் ஆயிருமுங்க."

ஒரு வாரம் கையில் இல்லை என்பது இருவருக்கும் தெரியும்.

அப்போதுதான் மதுமதியின் போனில் பதில் வந்தது. நிறுவனத்தில் யாரோ ஒரு நல்ல மனிதர் பொறுமையாக எழுதியிருந்தார். அவள் தமிழில் சொல்லிக்கொண்டே படித்தாள். நாங்கள் சிபாரிசு செய்யும் வகைக் கம்ப்யூட்டர் இது இல்லை. ஆனாலும் ஓட வாய்ப்பிருக்கிறது. இப்போதுள்ள ரேம் நிச்சயம் போதாது, இரண்டு மடங்காவது வேண்டும். எல்லாவற்றுக்கும் முன்னால் டிஸ்க் முழுவதையும் நகல் எடுத்துவிடுங்கள். புதிய பதிப்பு பழைய ஆர்கனின் அமைப்புகளைத் தன் வசதிக்கு மாற்றிக்கொள்ளும். மாற்றியபின் பழையதற்குத் திரும்ப முடியாது. ஓடும் என்று எங்களால் உறுதி சொல்ல இயலவில்லை. உங்கள் வீட்டாருக்காகப் பிரார்த்திக்கிறோம்.

"நகல் எடுக்க எவ்வளவு நேரமாகும்?"

"காலைலயே போட்டுப் பாத்தனுங்க சித்தப்பா. டிஸ்க் பழசு. நாளைக்கு மத்தியானம்னு காட்டுது."

"ரேம்?"

"அதையும் அப்பவே கடைல விசாரிச்சேன். இந்த மாடலு இப்ப வர்றதில்லைங்கறாங்க. சொல்லி வெச்சா ரெண்டு மூணு நாளுல வரவெச்சுத் தாரமுங்கறாங்க."

வேல்குமார் குனிந்து அந்தத் திறந்த பெட்டிக்குள் பார்த்தார். தூசி படிந்த பச்சைப் பலகை. எதையோ நினைத்துப் பார்ப்பவர்போலக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"இதும் எங்க ஆபீஸ்ல இருக்கறதும் ஜோடி" என்றார். "அண்ணந்தான் ரெண்டையும் ஒண்ணா எடுத்தாந்தாரு."

"அதுல இன்னைக்கு துணி வெட்டற பேட்டர்ன் ஓடுதுங்களே சித்தப்பா? நாளைக்குக் கட்டிங்னு சொன்னீங்க."

அவர் நிமிர்ந்தார். படியிறங்குமுன் அண்ணனின் தோளை ஒருமுறை தொட்டுவிட்டுப் போனார்.

*

ஜெயபாரதி டீ கொண்டுவந்தபோது மதுமதி தரையிலேயே உட்கார்ந்திருந்தாள். நடந்ததைச் சொன்னாள். திரும்ப முடியாது என்ற இடத்தில் ஜெயபாரதியின் முகம் மாறியது.

"வேண்டாம் மது."

"அம்மா..."

"விழுந்து எந்திரிச்ச நாள்ல இருந்து இந்த ரூம்பெ எட்டிப் பாக்காத மனுசன் இன்னைக்குத்தான் ஏறி வந்து உக்காந்திருக்கறாரு. அந்தப் புதுசு ஓடாம, இருக்கறதும் போயிருச்சுன்னா? நாளைக்கு இவருக்கு என்ன இருக்குது? நீ லீவு முடிஞ்சு வேலைக்குப் போயிருவ. நான் கம்பெனில நிப்பேன். அத்தாச்சியும்..." நிறுத்திக்கொண்டாள். "இவரு யாருகிட்டப் பேசுவாரு?"

மதுமதி டீ டம்ளரைக் கீழே வைத்தாள். அம்மா கேட்டதில் தப்பில்லை.

சிவபிரகாஷ் மனைவியைப் பார்த்தார். "நூலு" என்றார். பிறகு இன்னொருமுறை, மெதுவாக, அவளுக்கு மட்டும் சொல்வதுபோல. "நூலு."

"என்னங்க சொல்றீங்க? வேணுங்கறீங்களா, வேண்டாங்கறீங்களா? எனக்குப் புரீலியே." ஜெயபாரதி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அவர் தலையை ஆட்டினார். அது ஆமாமாகவும் இருக்கலாம், இல்லையாகவும் இருக்கலாம். விழுந்ததிலிருந்து தலையாட்டலையும் நம்ப முடிவதில்லை.

வேல்குமார் திரும்பி வந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. சட்டைப் பையிலிருந்து, பனியன் போடும் பாலிதீன் கவர் ஒன்றை எடுத்தார். உள்ளே ரேம் துண்டுகள்.

"கட்டிங் தள்ளிப் போட்டாச்சு. பையர் கேட்டா நான் பேசிக்கறேன்" என்றார். கவரை மதுமதியிடம் நீட்டினார்.

துண்டுகள் பொருந்தின. கம்ப்யூட்டர் விழித்துக்கொண்டு, புதிதாக வந்ததையும் சேர்த்து எண்ணிக் காட்டியது. நகலுக்குக் காத்திருக்க நேரமில்லாமல் மதுமதி புதிய பதிப்பைத் திறந்தாள். பழைய ஆர்கனை மாற்றிக்கொள்ளவா, திரும்ப முடியாது என்று ஒரு கேள்வி வந்து நின்றது.

மவுஸில் அவள் விரல் இருந்தது. அழுத்த முடியவில்லை. அம்மாவைப் பார்த்தாள். அம்மா சுவரில் சாய்ந்து நின்றிருந்தாள்.

"அப்பா, எல்லாம் போனாலும் போகும். பரவால்லீங்களா?"

சிவபிரகாஷ் பெஞ்சில் முன்னால் சாய்ந்தார். இடது கையை நீட்டி, மகளின் கையை மவுஸிலிருந்து எடுத்துவிட்டார். பழக்கமில்லாத கை. அம்புக்குறி அங்குமிங்கும் அலைந்தது. அவர் அவசரப்படவில்லை. ஆம் என்ற கட்டத்துக்குக் கொண்டுபோய் நிறுத்தி, அழுத்தினார்.

ஜெயபாரதி ஒரு பெருமூச்சுடன் வந்து அவர் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்தாள்.

மாற்றம் முடிந்தது. ஆர்கனை ஏற்றத் தொடங்கியது. நீலக் கோடு ஸ்கிரீனில் பாதி தூரம் போய் நின்றது. நினைவகம் போதவில்லை என்று செய்தி வந்தது.

"அவ்வளவுதானா?" என்றார் வேல்குமார்.

"இருங்க சித்தப்பா. அப்பா எதையோ காட்டறாங்க."

சிவபிரகாஷ் ஸ்கிரீனில் ஒரு மூலையைத் தொட்டார். மதுமதி அதைத் திறந்தாள். குழல்களின் பெயர்கள் வரிசை வரிசையாக வந்தன. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு டிக் இருந்தது. வேண்டாததை எடுத்துவிட்டால் அது ஏறாது, இடம் மிச்சமாகும். அப்படி ஒரு வழி இருப்பது அவளுக்குத் தெரியவே தெரியாது.

அவர் விரல் வரிசைமேல் இறங்கியது. இது வேண்டாம். இதுவும். திருவிழா முழக்கம்போல ஒலிக்கும் எக்காளக் குழல்கள் போயின. கண்ணாடியை அதிரவைக்கும் பெரிய அடிக்குழல்கள் போயின. தைப்பூசத்தன்று அவர் வாசிக்கும்போது தெருவே நின்று கேட்ட குழல்கள் அவை. விரல் நிற்காமல் போய்க்கொண்டிருந்தது. கடைசியில் நாலைந்து வரிசைதான் மிஞ்சியது. புல்லாங்குழல்போல மென்மையான ஒன்று, அதற்குத் துணையாக இன்னும் சில.

மறுபடி ஏற்றினார்கள். கோடு இன்னும் கொஞ்சம் தூரம் போய் நின்றது. போதவில்லை.

இன்னும் ஒன்று பாக்கி இருந்தது. அந்தத் தேவாலயத்தின் எதிரொலி. கட்டையிலிருந்து கையை எடுத்தபின்னும் ஓசை கல் சுவர்களில் பட்டு, உயரத்தில் சுற்றி, மெல்ல மெல்லக் கரையும். அதையும் பதிவு செய்து வைத்திருந்தார்கள். எல்லாவற்றையும்விட அதுதான் இடத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது. பாட்டு முடிந்ததும் அப்பா கண்ணை மூடிக்கொண்டு அது முழுதாகக் கரையும்வரை காத்திருப்பதை மதுமதி சின்ன வயதிலிருந்து பார்த்திருக்கிறாள். அதுவரை யாரும் அவரிடம் பேசக் கூடாது.

அவர் விரல் அந்தக் கட்டத்தின்மேல் நின்றது. வெகுநேரம் நின்றது.

கீழே சின்னாத்தாள் இருமும் சத்தம் கேட்டது.

அவர் டிக்கை எடுத்துவிட்டார்.

*

இந்தமுறை நீலக் கோடு முழுதாக ஓடி முடிந்தது; மதுமதி அந்த மென்மையான குழலைக் கால் பெடலுக்கு மாற்றிவைத்தாள். ஜெயபாரதி கீழே போய்ப் பின்கட்டில் மெஷின்களை நிறுத்தச் சொன்னாள். தையல் இரைச்சல் அடங்கியது. தையல்காரர்கள் என்னவோ ஏதோவென்று எழுந்து நின்றார்கள். "ஒண்ணுமில்ல, சித்த நேரம் சும்மா இருங்க" என்றாள். அவர்களில் இருந்த வடக்கத்திப் பெண்கள் இருவருக்கு அது புரியவில்லை. ஆனாலும் உட்கார்ந்துகொண்டார்கள்.

வேல்குமார் மாடிக் கதவையும் கீழ் அறைக் கதவையும் அகலத் திறந்து செங்கல் வைத்துவிட்டு, அக்காவின் கட்டிலில் வந்து உட்கார்ந்தார்.

"எதுக்கு சாமி மெசினெ நிறுத்துனீங்க?" சின்னாத்தாளுக்குக் குரல் எழும்பவில்லை.

"அண்ணன் வாசிக்கப் போறாருங்கக்கா."

அவள் தலையைக் கொஞ்சம் திருப்பினாள். அவ்வளவுதான் முடிந்தது.

முதலில் ஒரு கறகறப்பு வந்தது. பிறகு இடது கையின் ஓசை, தணிந்த குரலில் இரண்டு மூன்று பேர் சேர்ந்து முனகுவதுபோல. அதன்மேல் மெட்டு வந்தது.

வேல்குமாருக்கு அந்த மெட்டு நன்றாகத் தெரியும். அண்ணன் வாசித்து எத்தனையோ முறை கேட்டிருக்கிறார். இப்படிக் கேட்டதில்லை. முன்பெல்லாம் அது தேவாலயத்து ஓசையாக, தூரத்திலிருந்து வரும். இப்போது வெறும் சத்தமாக இருந்தது. எதிரொலி இல்லை. அலங்காரம் இல்லை. ஒரு சுரம் நின்றால் நின்றதுதான். அடுத்ததற்குக் கால் போய்ச் சேர்வதற்குள் ஓர் இடைவெளி விழுந்தது. சில இடங்களில் தப்பாக அழுந்தி, திருத்திக்கொண்டு மேலே போனது. மரப் பெடல் மிதிபடும் சத்தம்கூடப் படி வழியே கேட்டது. டக். டக்.

அக்காவுக்கு இது பிடிக்காதோ என்று அவருக்குக் கவலையாக இருந்தது. குனிந்து அவள் முகத்தைப் பார்த்தார்.

அவள் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கையில வாசிக்கல" என்றாள்.

"ஆமாங்கக்கா. கை ஒண்ணுதானே வருது. பாட்டெக் காலுல..."

"எனக்குத் தெரியும்." கொஞ்ச நேரம் கேட்டாள். "தறிக் குழிக்கு மேல இவனுக்குத் தூளி கட்டியிருப்பேன். கையி ரெண்டும் தறி நாடாவெத் தள்ளிட்டிருக்கும். தூளியெ ஆட்டறதுக்குக் கையேது? மிதியில கவுறு கட்டி உட்டிருந்தேன். நான் மிதிச்சு மிதிச்சு நெய்ய, அது பாட்டுக்கு ஆடும். அந்த மிதிக்குத்தான் பாட்டு. வேற ராகமெல்லாம் எனக்கு எங்க தெரியும்."

வேல்குமார் இதுவரை கேட்டிராத கதை. அவர் பிறந்தபோது வீட்டில் தறி இல்லை.

"அவனும் அந்த மிதியெத்தான் மிதிக்கறான்" என்றாள் சின்னாத்தாள். "பாரு, இழுத்து இழுத்து மிதிக்கறான். பொழுது சாயற நேரத்துல எனக்குக் காலு ஓஞ்சு போகும், அப்ப நானும் இப்புடித்தான் மிதிப்பேன்."

ஜெயபாரதி வாசற்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் உள்ளே வரவில்லை.

மெட்டு இரண்டாவது சுற்று தொடங்கியது. இப்போது இடைவெளிகள் குறைந்திருந்தன. கால் வழி கண்டுகொண்டிருந்தது. வேல்குமார் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டார். அது லேசாக, காய்ந்து, சூடாக இருந்தது. அவர் கடைசியாக அந்தக் கையைப் பிடித்தது எப்போது என்று அவருக்கு நினைவில்லை.

அண்ணனின் வாயில் வராதது எவ்வளவு இருக்கிறது என்று அவர் இதுநாள்வரை யோசித்துப் பார்த்ததில்லை. விழுந்துவிட்டார், பேச்சில்லை, பாவம் என்று மட்டுமே நினைத்திருந்தார். காலையிலிருந்து அண்ணன் ஒரு வாக்கியத்தைச் சொல்லி முடிக்கப் போராடிக்கொண்டிருந்தது இப்போதுதான் அவருக்குப் புரிந்தது. அது யாருக்கான வாக்கியமோ அவள் முழுதாக வாங்கிக்கொண்டு படுத்திருந்தாள்.

பாட்டின் நடுவில், மேலே போன சுரம் இறங்கி வர வேண்டிய இடத்தில், ஓசை ஒரே சுரத்தில் சிக்கி நீண்டு நின்றது. பிறகு ஒரு கறகறப்பு. பிறகு ஒன்றுமில்லை.

மாடியில் மதுமதி ஏதோ சொல்வது கேட்டது. நாற்காலி நகர்ந்தது. கம்ப்யூட்டரை அணைத்துப் போடும் சத்தம். மறுபடி அந்தப் பழைய முனகல்.

வேல்குமார் எழுந்து படிக்கட்டுவரை போனார். மேலே மதுமதி தெரிந்தாள். முகம் வெளுத்திருந்தது.

"நின்னு போச்சுங்க சித்தப்பா. தாங்கல. மறுக்கா ஏத்திப் பாக்கறேன்."

"ஏறுமா?"

"தெரீலீங்க."

அவளுக்குப் பின்னால் சிவபிரகாஷ் பெஞ்சில் அப்படியே உட்கார்ந்திருந்தார். இடது கை கட்டைகள்மேல் இருந்தது. கால் பெடலை விட்டு எடுக்கப்படவில்லை.

வேல்குமார் திரும்பி வந்து கட்டிலில் உட்கார்ந்தார். சின்னாத்தாளின் கண்கள் மூடியிருந்தன. மூச்சு மேலோட்டமாக, இடைவிட்டு வந்துகொண்டிருந்தது. அவர் பயந்துபோய், "அக்கா" என்றார்.

"ஏன் நிறுத்திட்டான்?"

"மெசினு நின்னுருச்சுங்கக்கா. பழசு. திருப்பி ஏத்தறாங்க. கொஞ்சம் நேரமாகும்."

போர்வைக்குள் அவள் கால்கள் மெதுவாக, ஒன்று மாற்றி ஒன்று, அசைந்துகொண்டிருந்தன.

"ஆகட்டும்" என்றாள் சின்னாத்தாள். "அவசரமில்லைனு சொல்லு. நான் இருக்கறேன்."